நீ ஒட்டச் சொன்ன ஸ்டிக்கர்

காட்டுப்பாக்கம்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகன் ராஷித்துக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சௌக்கியம், ஆபரேஷன் செய்த இடது கண்ணும் சௌக்கியம். மெல்போர்னில் நீயும் சபீனாவும் குழந்தை சஹரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் பேசிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படி.

நான் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்த வாரமாகப் பார்த்து, உன் சிநேகிதன் முஜீபை அனுப்பி என் காரின் பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஸ்டிக்கர் ஒட்டவைத்திருக்கிறாய். கேட்டால் அவன் நெளிகிறான், ராஷித்துதான் சொன்னான் ஆன்ட்டி, உங்க செக்ரட்டரியே அவனுக்கு போன் பண்ணாராம் என்கிறான். எங்கள் குடியிருப்புச் செக்ரட்டரி கிருபாகரன் இரண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். லாரித் தண்ணீர் போதவில்லை, கோடை முடியும்வரை குழாய் வைத்தோ வாளி வைத்தோ வண்டி கழுவக் கூடாது என்பது ஒன்று. நியாயம், நானும் கையெழுத்துப் போட்டேன். அழுக்கடைந்து நிற்கும் வண்டிகளைப் பதினைந்தாம் தேதிக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பது இன்னொன்று. ஐந்து வாரம் புங்க மரத்தடியில் நின்ற வண்டி என்னுடையது ஒன்றுதான். கழுவவும் கூடாது, அழுக்காகவும் இருக்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். இந்த வயசுல எதுக்கும்மா கார், சார் ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க என்கிறார். அவர் சார் என்கிற உன் அத்தாவுக்குக் கண்ணை மூடும்வரை கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாது. ஒன்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மெதுவா ஷம்ஷாத், மெதுவா என்று சொன்னதுதான் அவர் ஓட்டிய லட்சணம். அது ஞாபகச் சின்னம் இல்லை, ராஷித். என் வண்டி.

நேற்று நூம்பலிலிருந்து சுதா என்ற பெண்ணை வரவழைத்தேன். நீராவி மெஷினைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் கார் சுத்தம் செய்கிறவள். பானெட்டில் காய்ந்திருந்த காக்கை எச்சத்தை நான் நகத்தால் சுரண்டப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். ஆவி பட்டதும் அது இளகித் துணியோடு வந்துவிட்டது. துணியை எட்டாக மடித்து, ஒரு முகம் அழுக்கானால் அடுத்த முகத்தைத் திருப்புகிறாள். நான் படித்த கான்வென்ட்டில் சுத்தம் பார்க்கும் மதர் பார்த்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார். கூரையில் தொடங்கி, கதவுக் கைப்பிடி இடுக்கு, சக்கரம் என்று கீழே வந்தாள். இஸ்ஸென்ற சத்தம் கேட்டு கேஸ் சிலிண்டர் கசிகிறதென்று கிருபாகரன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். தரையைக் குனிந்து பார்த்தார், ஈரம்தான் இருந்தது. வாளியைத் தேடினார். சுதா விடுவாளா, இன்னா சார் தேடிகினு கீற, மொத்த வண்டிக்கும் நாலு லிட்டர்தான், நீ பல்லு வெளக்கவே அதுக்கு மேல ஆவும் என்றாள். மேல்மாடியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் பானெட்டில் கை வைத்தார். விரல் தடம் விழும், கையை எடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார்.

கடைசியில் பின்கண்ணாடி. சுதா தயங்கி, இது உன் புள்ள ஒட்டனதாமே, இன்னா செய்யட்டும் யம்மா என்று கேட்டாள். என்னிடம் கொடு என்று நீராவி அடிக்கும் கன்னை வாங்கினேன். ஒரே எடத்துல புடிச்சிகினே நிக்காத, ஆட்டிகினே இரு என்றாள், அப்படியே செய்தேன். ஒரு மூலை நிமிர்ந்தது, அதைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தேன். கிழியாமல் முழுசாக வந்துவிட்டது. கை நடுங்கவில்லை, இதை நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். நீ பயந்துதான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். பயந்தால் என்னிடம் சொல், என் கண்ணாடியில் ஒட்டாதே.

கண் டாக்டர் புதன்கிழமையே ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரவில் ஓட்ட மாட்டேன், அது நானாகப் போட்டுக்கொண்ட விதி. சஹருக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும், ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். ஸ்டிக்கரை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் இன்னும் பசை இருக்கிறது, உன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள். இந்தக் கடிதத்தைப் பூந்தமல்லி தபால் ஆபீசுக்கு நானே ஓட்டிக்கொண்டு போய்ப் போடப் போகிறேன்.

உன் அம்மா,
ஷம்ஷாத் நிஜாமுதீன்
(லைசென்ஸ் இன்னும் இரண்டு வருஷம் செல்லும்)