செங்கமாரி என்று சொன்னேன்

பெப்ரவரி 3, திங்கள். பார்படோஸ்

வெயில். காற்று. உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டேன், தேத்தண்ணி குடித்து முடிய முதல் காய்ந்துவிட்டது. ரொறன்ரோவில், மல்வேர்னில், எங்கள் வீட்டு வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி என்று மகள் அபி படம் அனுப்பியிருக்கிறாள். பாவம், மருமகன்தான் வந்து வழிக்க வேண்டும். பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. இருக்கட்டும்.

இவர் காலமை கடலுக்குள் இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் ஏறுவதில்லை. ஃபக்டரியில் இவ்வளவு வருசமும் இரவு ஷிஃப்ட், பகலெல்லாம் போர்வைக்குள். பென்சன் எடுத்த பிறகு இதுதான் முதல் குளிர்காலம். இந்த மனுசன் சிரித்துக் கதைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

பின்னேரம் வழக்கம்போல 304 சீட்டாட்டம். நானும் இவரும் ஒரு பக்கம், சிவம் அண்ணையும் ராணி அக்காவும் மற்றப் பக்கம். (அவர்களும் ரொறன்ரோதான், வோபர்ன் ஆட்கள். வீட்டை எங்களோடு சேர்ந்து எடுத்தவர்கள். ராணி அக்கா சமையலறையை ஒருநாளும் துடைப்பதில்லை.) சீட்டுப் பிரித்துக்கொண்டிருந்த ராணி அக்கா திடீரென்று, "என்னண்ணை, கண் மஞ்சளாக் கிடக்கு?"

"துரும்பைச் சொல்லாமல் என்ர கண்ணைப் பாக்கிறா" என்றார் இவர்.

முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். மஞ்சள்தான்.

வாங்க: பால், தேசிக்காய், சவர்க்காரம்.

பெப்ரவரி 4, செவ்வாய்

பின்வேலியோரம் கீழ்க்காய்நெல்லி! அதே இலை, அதே காய், மஞ்சள் செங்கமாரிக்கு ஊரில் அரைத்துக் கொடுக்கிறது. இந்த ஊரார் அதைப் புல்லென்று மிதித்துத் திரிகிறார்கள். ஒரு பிடி பிடுங்கி, கழுவி, பாலோடு பிளெண்டரில் அடித்துக் கொடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார். "கோதாரி, உதைக் குடிக்கிறதைவிடச் செங்கமாரியோடயே இருக்கலாம்."

மீன், எண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாம் நிறுத்தம். மீன் பொரியலை ராணி அக்கா இவருக்கு முன்னால் வைத்தே தின்றா. மனுசிக்கு ஒரு யோசனை கிடையாது.

அரைக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறார். நீச்சலால் மெலிந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 6, வியாழன்

மாற்றமில்லை. உடம்பெல்லாம் கடி, சொறிந்து சொறிந்து முதுகில் கீறல். சலம் போனால் தேத்தண்ணி நிறம். சிவம் அண்ணை அதட்டித்தான் டொக்டரிடம் போனோம்.

சந்தியில் சின்னக் கிளினிக். காத்திருந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் குட்மோர்னிங் சொல்கிறார்கள். டொக்டர் கறுப்புப் பிள்ளை, அபியைவிட வயது குறைவாக இருக்கும். வயிற்றை அமத்தினா. இரத்தம் எடுத்தா. பக்கத்துக் கட்டடத்தில் ஸ்கான். திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

கதிரையை எங்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டா. கணையத்தில் கட்டி. ஈரலிலும் புள்ளிகள். புற்றுநோய் என்றுதான் நினைக்கிறேன், மன்னியுங்கள், கனடாவுக்குப் போங்கள், இந்தக் கிழமையே போங்கள் என்றா. நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையே சொன்னா, கான்சர் என்ற சொல் வரவில்லை, மலிக்னன்ற் என்றா.

"என்னவாம்? உந்தப் பிள்ளையின்ர இங்கிலீசு எனக்குப் பிடிபடுதில்லை. நீர் சொல்லும்."

"செங்கமாரிதானாம். பித்தம் போற குழாய் அடைச்சுக் கிடக்காம்."

வாய் தானாகச் சொன்னது. எங்கள் ஆட்களில் யார் வருத்தக்காரரிடம் உள்ள நோயைச் சொல்லியிருக்கிறார்கள்? இவருடைய தமக்கைக்குப் புற்றுநோய் வந்தபோதும் கடைசிவரை அல்சர் என்றுதான் சொன்னோம், சொன்னவர்களில் இவரும் ஒரு ஆள். சொன்னால் அந்த நிமிசமே பாதி உயிர் போய்விடும்.

டொக்டர் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, அவருக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டா. ஓம் என்று தலையாட்டினேன். இவர் எழும்பி அவவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தாங்க்யூ டொக்டர், வெரி குட்" என்றார்.

பெப்ரவரி 7, வெள்ளி

இவருக்குப் பாரம் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். "செங்கமாரி, அவ்வளவுதான்." கீழ்க்காய்நெல்லியைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்து தந்தார். அரைத்தேன். அரைக்கும்போது கண்ணீர் வந்தது, பிளெண்டர் சத்தத்தில் மூக்கைச் சிந்தினேன்.

மத்தியானம் வீட்டுக்காரனோடு கைப்பாசையில் கதைத்துவிட்டு வந்தார். "இஞ்சாரும், இன்னும் ரெண்டு கிழமை கூட நிக்கலாமாம். நிப்பமே? வருத்தம் இஞ்சையே மாறட்டும். அந்தக் குளிருக்குள்ள போய் என்ன செய்யிறது?"

"பாப்பம்" என்றேன்.

ராணி அக்காவிடம் மட்டும் சொன்னேன். மனுசி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. பிறகு போய்ச் சமையலறையைத் துடைத்தா.

இவர் கடலுக்குப் போன நேரம் அபிக்குப் போன். அவள் அழுது முடித்துவிட்டு: "அம்மா, you have to tell him. It's his body."

"நீ சொல்லுவாய். கொப்பர் பத்து நாள் படுக்கையில கிடந்து உத்தரிக்கிறதைப் பாக்கிறது ஆர்?"

"He'll find out anyway, அம்மா."

"சொன்னா மனுசன் இஞ்சையே இருந்திடும். எனக்குத் தெரியும். நீ பனியில விழுந்து கால் முறிஞ்சு போச்செண்டு சொல்லப் போறன்."

"I'm not doing that" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

பெப்ரவரி 8, சனி

சொல்லிவிட்டேன். கரையில் நின்று கூப்பிட்டேன். தண்ணீருக்குள் மல்லாந்து கிடந்தார், வயிறு மட்டும் வெளியில், மஞ்சளாக. காதில் விழவில்லை. சேலைக்கரை நனைய இறங்கிக் கிட்டப் போய்ச் சொன்னேன். அபி விழுந்திட்டாளாம், காலில் கட்டுப் போட்டிருக்காம், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லையாம்.

உடனே எழும்பினார். "முதலே சொல்லுறதுக்கென்ன!" ஓடிப் போய் அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் அள்ளிப் போட்டார், ஈரக் காற்சட்டையையும் சேர்த்து. சிவம் அண்ணை டிக்கெட் மாற்றித் தந்தார். ராணி அக்கா சொல்லியிருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்கவே இல்லை அந்த மனுசன்.

பின்னேரம் கடைசியாக ஒரு ஆட்டம் என்று இவரே சீட்டை எடுத்தார். நான் எதைப் போட்டேன் எதை விட்டேன் என்று தெரியாது. தோற்றோம். "உமக்கு இண்டைக்கு என்ன விசரே?" என்று ஏசினார். நல்லா ஏசட்டும்.

பெப்ரவரி 10, திங்கள். ரொறன்ரோ

ஏர்போர்ட். வாசலில் அபி, இரண்டு காலிலும் சப்பாத்து, நேராக நிற்கிறாள். பொல்லுமில்லை கட்டுமில்லை. தகப்பனைக் கண்டதும் ஓடியே வந்தாள். பாவி மகள், கொஞ்சம் நொண்டினால் என்ன!

இவர் அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு என்னை.

"சுளுக்குத்தானாம்" என்றேன். "மாறியிட்டுதாம்."

401 ஹைவே முழுக்க இவர் ஜன்னலைப் பார்த்தபடி. அபிதான் கார் ஓட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்து ஜாக்கெட்டைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிடும்வரை அப்படியே.

வீட்டில்: மரக்கறி எல்லாம் அழுகல். ஹீட்டர் சத்தம் போடுகிறது. மருமகன் பனி வழித்த வடிவுக்கு, வழிக்காமலே விட்டிருக்கலாம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

எமேர்ஜென்சி. பித்தக் குழாய்க்கு டியூப் போட வேண்டும், வார்டில் மறித்து வைத்துவிட்டார்கள். தைப்பூசம், கோயிலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக் கன்ரீனில் இட்லி என்று ஒன்று. பாதியைக் குப்பையில் போட்டேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

பெரிய டொக்டர் வந்தார். நான் வழக்கம்போல இவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக உட்கார்ந்தேன். டொக்டர் கை காட்டி மறித்தார். இந்த விசயத்துக்குக் குடும்பம் மொழிபெயர்க்கக் கூடாதாம், ஆஸ்பத்திரிச் சட்டமாம். போனை ஸ்பீக்கரில் போட்டு கட்டிலில் வைத்தார். ஒரு பெண் குரல். மட்டக்களப்புப் பக்கம்போல.

"வணக்கம் ஐயா. டொக்டர் சொல்றத நான் அப்படியே தமிழில சொல்லுவன். ஒண்டும் கூட்டமாட்டன், குறைக்கமாட்டன்."

குறைக்கமாட்டாளாம்.

சொன்னாள். கணையம், ஈரல், புற்றுநோய், வெட்டி எடுக்க ஏலாது. நல்ல தெளிவான தமிழ். செய்தி வாசிப்பதுபோல. இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒருமுறை, "நீங்கள் நல்லாச் சொல்லுறியள், பிள்ளை" என்றார்.

பிறகு கேட்டார்: "அங்கை ஸ்கான் எடுத்த டொக்டர் பிள்ளைக்கு உது தெரியுமோ எண்டு கேளுங்கோ."

தெரியும், அறிக்கையில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று பதில்.

"ரெண்டு கிழமை பிந்தி வந்திருந்தா?"

டியூப் போடத்தான் வேண்டும், அதை அங்கேயும் போட்டிருக்கலாம். நோயைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

டொக்டர் போனார், போன் போனது. நான் இவருடைய காலைப் பிடித்தேன். இழுக்கவில்லை, அப்படியே விட்டார். ஜன்னலுக்கு வெளியே கார்ப் பார்க், உப்புப் போட்ட ஊத்தைப் பனி.

"தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கமாட்டன்" என்றார்.

"அதுக்காகத்தான்..."

"எதுக்காக?"

இங்கே பெரிய டொக்டர்மார் இருக்கிறார்கள், ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தேன். என் மனுசன் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு நிமிசம்கூட நினைக்கவில்லை, அதுதான் உண்மை.

பெப்ரவரி 19, புதன்

வீட்டில். கண் வெளுத்துவிட்டது, கடி நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் சுகம் என்று நினைப்பார்கள். கஞ்சி இரண்டு கரண்டி. சிவம் அண்ணை வீடியோவில் கடலைக் காட்டினார், நான் வேண்டாம் என்று சைகை காட்டியும் காட்டினார். இவர் பார்த்துவிட்டு, "தண்ணி இண்டைக்குக் கொஞ்சம் குழம்பிக் கிடக்கு" என்றார். அவ்வளவுதான்.

என்னோடு கதைக்காமல் இல்லை. தண்ணி தாரும், லைட்டை நிப்பாட்டும், எல்லாம் கேட்கிறார். கோபமென்றால் ஏசிவிடுவார், எனக்குத் தெரியும். ஏசவில்லை.

பெப்ரவரி 24, திங்கள்

மைனஸ் பதினாறு. கிளினிக். கீமோ செய்வதா விடுவதா என்று கதைக்க.

பெயர் கூப்பிட்டார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"நீர் இரும்" என்றார். "அபி வரட்டும். போனில கதைக்கிற பிள்ளை இருக்கும்தானே."

"நானும் கேக்க வேண்டாமே?"

"இரும்."

கோரிடோரில் இருந்தேன். பக்கத்தில் ஒரு சீனத்து மனுசி முட்டை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. கதவுக்கு உள்ளே போன் குரல் தமிழில் கதைப்பது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. இவருடைய குரல். பிறகு டொக்டர். திரும்பவும் இவர், நீளமாக. இவ்வளவு நீளமாக இவர் கதைத்து நான் கேட்டதில்லை.

கதவு திறந்தது. அபியின் கண் இரண்டும் சிவப்பு.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

இவர் தொப்பியைப் போட்டு, காதை மூடி, கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டார்.

"ஒண்டுமில்லை. வாரும், போவம்."

அபியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் லிஃப்ட் பட்டனை அமத்திக்கொண்டே நின்றாள்.