சுவருக்கு எதிரே ஒரு கேமரா

ஜூன் 9
மூன்றாம் நாளாக மழை. அக்கா வீட்டின் பின்னால் மேட்டைத் தாங்கி நிற்கும் சுவரில் விரிசல். வந்து பார்த்த பொறியாளர், "பழைய விரிசல்மா, பெருசாகல" என்று குடையை மடக்காமலே திரும்பிப் போனார். பெரிதாகிறது என்றால் அத்தாட்சி வேண்டுமாம். அவ்வளவுதானே? தினமும் காலை ஒன்பதுக்கு, ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கப் போகிறேன். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்து வயிறு கழுவுகிறவள் நான். இருப்பது ஒரே கேமரா. அது நனைந்தால் பிழைப்பும் போச்சு, அத்தாட்சியும் போச்சு.

ஜூன் 10
பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டு மாட்டினேன். மேலே அத்தான் குடை பிடித்தார். அவர் தொப்பலாக நனைந்தார், கேமரா நனையவில்லை. "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் இப்படிப் பிடிச்சிருப்பாரா?" என்று அக்கா வாசலிலிருந்து கத்தினாள். விரிசலுக்குக் குறுக்கே ஸ்கேல் ஒட்டி எடுத்தேன். நான்கு மில்லிமீட்டர்.

ஜூன் 11
ஐந்து.

ஜூன் 12
ஆறரை! சாரல் பக்கவாட்டில் அடித்ததில் லென்ஸைத் துடைக்கத் துடைக்கத் துளி. பயந்துபோய், வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் டேப் சுற்றி இறுக்கி மூடி வைத்துவிட்டேன். இனி ஒரு பொட்டுத் தண்ணீர் நுழையட்டும், பார்க்கலாம்.

ஜூன் 13
எல்லாப் படமும் வெண்புகை. லென்ஸுக்குள்ளே ஆவி படர்ந்திருக்கிறது. ஐயோ, இன்றைய அளவு போச்சே — என்னை எதால் அடிப்பது?

பழுது பார்க்கிறவரிடம் ஓடினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "வெளித் தண்ணி ஒண்ணும் பண்ணல. உள்ள இருந்த ஈரத்த நீங்களே பூட்டி வச்சுட்டீங்க. மழையில மூடணும், வீட்டுக்கு வந்ததும் திறந்து காயவிடணும். இதுகூடத் தெரியாம எத்தன வருஷமா தொழில் பண்றீங்க?"

லென்ஸ் காயும்வரை அவர் கடையிலேயே உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்தேன். பத்தாம் தேதிப் படத்தில் சுவரின் அடியில் ஆறு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் கொட்டுகிறது. பதினோராம் தேதியில் ஓட்டையே இல்லை. ஆறு சிமெண்டுத் திட்டுகள். விரிசலையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படிக் கண்ணில் படும்?

அத்தானுக்கு ஃபோன் போட்டேன். "அதுவா? அடுப்படிக்குள்ள தண்ணி வருதுன்னு உங்கக்கா ஒரே பாட்டு. நான்தான் அடைச்சேன். இப்ப சொட்டுகூட வரல, தெரியுமா!"

சொட்டுகூட வரவில்லை. அப்படியானால் இந்த மழையெல்லாம் எங்கே நிற்கிறது?

ஜூன் 14
பொறியாளரின் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். இரண்டு படங்களையும் மேசையில் வைத்தேன். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இத யார் அடைச்சது? சுவருக்குப் பின்னாடி அவ்வளவு தண்ணியும் தேங்கி நிக்குதும்மா. இப்ப கிட்டப் போய் ஓட்டையத் திறக்கக்கூட வேணாம். உடனே எல்லாரையும் வெளியேத்துங்க." அவரும் கூடவே வண்டியேறினார்.

அக்கா அசைய மாட்டேன் என்றாள். "பாத்துப் பாத்துக் கட்டின வீடு. போட்டுட்டு வரச் சொல்றியா?" நான் கத்தினேன், அழுதேன், கையைப் பிடித்து இழுத்தேன். அத்தான் கேஸ் சிலிண்டரைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அதன் பிறகுதான் அவளும் வந்தாள்.

ஜூன் 15
மூவரும் ஸ்டுடியோவில். யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் 16
சுவர் விழுந்துவிட்டது. காலை பதினொன்றரை. அக்கா உலை வைக்கிற நேரம். வீட்டில் யாரும் இல்லை.

யாரும் கிட்டப் போகாதபடி கயிறு கட்டிய இடத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். திரும்பி வந்ததும் அக்கா அதைக் கணினியில் பெரிதாக்கச் சொன்னாள். "என் அடுப்படி எங்கடி?"

மண்ணுக்கு நடுவே ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அத்தான் எழுந்து வெளியே போனார்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, திரும்பாமலே சொன்னாள்: "மழையில எங்க போறீங்க? உள்ள வாங்க."