பாடாத குருவிக்கு ஒரு கோடு

காலையில் டிரைவ்வேயில் மகள் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய நான் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். நீ போன பிறகு எனக்கு சாக்பீஸ் ஆவதில்லை.

பெல்ஜியத்தில் கூண்டுக் குருவிகளுக்குப் பாட்டுப் போட்டி நடக்கிறதென்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு நீ போன் செய்தபோது, எடிசன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். "கேளுடி, வரிசையா கூண்டு வெச்சுடுவாங்க. ஒரு தடவை கூவினா, கம்புல சாக்பீஸால ஒரு கோடு. ஆனா அவங்கவங்க குருவிக்கு அவங்களே போடக் கூடாது, எதிராளிதான் போடணும். செம காமெடி! பொங்கல் ஃபங்ஷனுக்கு நாடகமா பண்ணலாம்டி." நீ பேசி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது.

நீயே எழுதி நீயே மெட்டுப் போட்ட குட்டி இசை நாடகம். வசனமே கிடையாது, சண்டைகூடப் பாட்டுதான். நீ குருவி. நான் மீசை ஒட்டிய எதிராளி. நீ எத்தனை கூவினாலும் கோடு போட மனசு வராத கஞ்சன். "மீசையோட அப்படியே உன் மாமனார்டி" என்று சொல்லிச் சொல்லி என்னை ஒத்திகையே பார்க்க விடமாட்டாய்.

அப்புறம்தான் உன் தொண்டையில் அந்தக் கட்டி. ரேடியேஷன் முடிந்தபோது குரல் வெறும் காற்றாகிவிட்டது. பழைய ரெகார்டிங்கைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். உனக்கு வந்ததே கோபம். "என் குரல் ஸ்பீக்கர்ல வரும், நான் வாயசைக்கணுமா? போடி. பாடாத குருவின்னு மாத்திடறேன். கடைசியில ஒரே ஒரு கூவல். அது போதும் எனக்கு." கிசுகிசுத்துத்தான் சொன்னாய், ஆனாலும் அதட்டல்தான். அந்த ஒரு கூவல் ஒத்திகையில் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

பொங்கல் ஃபங்ஷன் அன்று ஸ்கூல் ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. நீ வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்க, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம். இருந்தாலும் அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைசியில் கூண்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க முயன்றாய். மூச்சுதான் வந்தது. என்னைப் பார்த்தாய். நான் கம்பில் கோடு போட்டேன்.

நடுவராக நடித்த அங்கிள் திகைத்துப்போய், பாடவும் மறந்து, "சத்தமே வரலையேம்மா!" என்றார். "எனக்குக் கேட்டுது" என்றேன். கஞ்சன் திருந்திவிட்டான் என்று நினைத்து அரங்கமே கைதட்டியது. கூண்டுக்குள் நீ சிரித்துக்கொண்டே அழுதாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று என் கையைப் பிடித்திழுத்து, உதட்டசைவிலேயே, "நெஜமாவே கேட்டுதா?" என்றாய். "கேட்டுதுடி" என்றேன். நீ நம்பவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் கையை விடவில்லை.

அந்தக் கம்பு இன்னும் என் கார் டிரங்கில்தான் இருக்கிறது, துண்டில் சுற்றி. இன்றைக்கு நான் டிரங்கைத் திறந்ததும், குருவிப் போட்டிக் கதை கேட்டிருந்த மகள் அதை எடுத்துப் பிரித்துவிட்டாள்.

"ஒன்லி ஒன் லைன்? டிட் யூ கைஸ் லூஸ், அம்மா?"

"ஆமாண்டா கண்ணு. தோத்துட்டோம்."

என் முகத்தைப் பார்த்தவளுக்கு என்ன தோன்றியதோ, கையிலிருந்த ரோஸ் சாக்பீஸை அந்தக் கோட்டின் பக்கத்தில் கொண்டுபோனாள். "ஐ கேன் மேக் யூ வின்."

கம்பை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

"கூடாதுடா. ஆன்ட்டி கூவினாத்தான் போடணும்."