முன்னால் மூன்று, பின்னால் ஐந்து

இன்று சீனக்கடையில் அரிசி வாங்கியபோது, கடைக்காரி புதுவருடக் கலண்டர் ஒன்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து விரித்தால் அதே சிவப்பு மதில், அதே மஞ்சள் ஓட்டுக் கூரை. பீஜிங் அரண்மனையின் தெற்கு வாசல். நீர் போனபிறகு நான் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை.

நாங்கள் இருவரும் துப்புரவு வேலை செய்த அலுவலகத்தில், வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையில், இந்த வாசல் படம் போட்ட கலண்டரைத்தான் நீர் தொங்கவிட்டிருந்தீர். கீழே பிரெஞ்சில் எழுதியிருந்ததை ஒரு வாரமாக அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்தீர். அறுநூறு வருடப் பழைய வாசல். நடு வழி அரசனுக்கு மட்டும். அரசி கலியாணத்தன்று ஒரேயொரு தடவை அந்த வழியால் உள்ளே வரலாம். அரண்மனைப் பரீட்சையில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் ஒரேயொரு தடவை அந்த வழியால் வெளியே போகலாம். அடுத்த வருடப் பஞ்சாங்கத்தை வெளியிடுவதும் அங்கேதானாம். கலண்டர் கொடுத்த வாசல் கலண்டரிலேயே வந்துவிட்டது என்று சிரித்தீர்.

உமக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. முன்னால் நின்று எண்ணினால் மூன்று வழிகள்தான் தெரியும். மற்ற இரண்டும் பக்கச் சிறகுகளின் மூலையில் ஒளிந்திருக்கும். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் ஐந்து. நான் கொட்டாவி விட்டேன். நீர் கதையை விடவில்லை. எங்கள் கட்டடத்துக்கும் முன்னால் மூன்று கண்ணாடிக் கதவுகள், பின் ஒழுங்கையில் குப்பைக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.

"எங்கடையும் அஞ்சு வாசல் அரமனைதான். பென்சன் எடுக்கிற அண்டைக்கு ரெண்டுபேரும் நடுக் கதவாலை போவம்" என்றீர்.

பிறகு ஒரு மாலை, வேலை முடிந்ததும் நேரே முன்மண்டபத்துக்கு நடந்தீர். மறுநாள் உமக்குச் சத்திரசிகிச்சை. இன்றைக்கே போவோம் என்றீர். முன் கதவு எங்களுக்கு இல்லையென்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். வேலை போய்விடும் என்று எனக்குப் பயம். உமது கையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா வாரும். பேந்து ஒருநாள் போகலாம்."

நீர் என்னோடு பின் கதவால் வந்தீர். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன நீர் திரும்பி வரவில்லை. நினைத்தால் இப்போதும் என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பென்சன். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நடுக் கதவைத் தள்ளினேன். ஒருவரும் தடுக்கவில்லை. இதற்கா இவ்வளவு பயம்? நீர் எப்போதும் லைட்டை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால்தான் வருவீர். அந்தப் பழக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் உள்ளே வருகிறது, கதவை விடும்படி காவலுக்கு இருந்த பெண் பிரெஞ்சில் சொன்னாள்.

"பொறும், இன்னொராள் வரவேணும்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மூன்று கதவுகள்தான் தெரிந்தன. வாய்விட்டு அஞ்சு என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

கலண்டரைக் குசினியில் அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன். யார் எதைக் கேட்டாலும் 'பேந்து' என்று மட்டும் இப்போது நான் சொல்வதில்லை.