ஐந்தாவது பெர்ஷியன்

மார்ச் 3

பூனைச் சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் 12 கண்காட்சியில் எனக்கு நடுவர் தேர்வு. குறைந்தது ஐந்து பெர்ஷியன் பூனைகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். மூத்த நடுவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். மூன்று வருஷப் படிப்பு.

மார்ச் 9

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவர் ஃபிரேமை மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றார். பூனை ஞாபகத்தில், "கன்னம் நல்ல உருண்டை, காதுதான் கொஞ்சம் பெருசு" என்றுவிட்டேன். அவர் வாங்கவில்லை. முதலாளி முறைத்தார்.

மார்ச் 27

நாலு பெர்ஷியன்தான் பதிவாகியிருக்கிறதாம். ஐந்து இல்லாவிட்டால் தேர்வு செல்லாது. அக்காவிடம் போனில் அழுதேவிட்டேன். "ஒரு பூனைக்காடீ இவ்வளவு அழுகை?" என்றாள்.

ஏப்ரல் 2

ஐந்தாவது கிடைத்துவிட்டது. யார் வீட்டுப் பூனை என்று நடுவர்களுக்குச் சொல்லமாட்டார்கள், எண் மட்டும்தான். யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 12

நாலு பூனைகள் சுலபமாக முடிந்தன. ஐந்தாவதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அது நேராக வந்து என் அக்குளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஞாயிறுதோறும் அக்கா வீட்டில் இதையே செய்யும் பூனை. அவள் குண்டு என்று பெயர் வைத்து வளர்ப்பது.

உறவினர் வீட்டுப் பூனைக்கு நடுவர் மதிப்பெண் போடக் கூடாது. சொன்னால் நாலுதான் தேறும், தேர்வு போச்சு. பேசாமல் பேனாவை எடுத்தேன். தலை அமைப்புக்கு முப்பதில் இருபத்தொன்பது என்று எழுதினேன். இருபத்தொன்பதா? குண்டுவுக்கா? இதற்கு முன் வந்த அழகிக்கே இருபத்தைந்துதானே போட்டேன் —

எழுதியதை அடித்துவிட்டு, "மேடம், இது எங்க அக்கா பூனை" என்றேன்.

மூத்த நடுவர் குண்டுவைத் தன் பக்கம் இழுத்துத் தானே மதிப்பெண் போட்டார்.

ஏப்ரல் 13

"உனக்காகத்தானே கூட்டிட்டு வந்தேன்? குளிப்பாட்டிக் காய வைக்கவே மூணு மணி நேரம். வாயை மூடிட்டு இருந்தா என்ன?" அக்கா போனை வைத்துவிட்டாள். சொல்லாமல் சேர்த்தது அவள். திட்டு எனக்கு.

ஏப்ரல் 14

அக்கா போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 20

அவளே கூப்பிட்டாள். நடுவர் எழுதிக் கொடுத்த தாளை இப்போதுதான் படித்தாளாம். "கண் அருமை, எடை குறையணும்னு எழுதியிருக்காங்க. என் பிள்ளையைப் போய்! அடுத்த போட்டி எப்போன்னு சொல்லு." நான் சிரித்ததும் அவளும் சிரித்துவிட்டாள்.

ஜூன் 8

வேறு ஊர்க் கண்காட்சி. ஒன்பது பெர்ஷியன்கள். தேர்ச்சி. அதே மூத்த நடுவர்தான். கையெழுத்துப் போட்டபடி, "அன்னிக்கே போட்டிருப்பேன், விதி விடல" என்றார். பாத்ரூமில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21

நடுவராக முதல் அழைப்பு. பெர்ஷியன் வகுப்பு. அக்காவிடம் சொன்னால், அவளும் அங்கே பதிந்திருக்கிறாளாம்.

"நீ வந்தா அந்த வகுப்பை என்கிட்ட தரமாட்டாங்கக்கா."

"அப்ப நீ வேற பூனையைப் பாரு. நான் இந்த வருஷம் ஆறு போட்டிக்குப் பதிஞ்சாச்சு."

சயாமீஸ் பூனைகளுக்கான நடுவர் தேர்வுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் மூன்று வருஷம்.