ஆறாத கலத்தைத் திறந்த குற்றம்

குடிகள் வாழ்க, குன்றுகள் நீர் சுரக்க. மும்மலைக்கு உரியோன், வடவருவி நாட்டு வேந்தன் கண்டன் குமரவேள், கற்கோட்டை நீதிச்சபையின் தலைவர் ஆதித்த மாதேவனாருக்கு விடுக்கும் திருமுகம். நும் கோட்டையும் கோட்டைக் குடிகளும் நலமுடன் இருப்பார்களாக. யாம் நலமாக இல்லை.

அழற்கூடத்துத் தலைவி சேந்தி அம்மையாருக்கு நாளை கொலைத்தண்டம் என்று இன்று காலையில்தான் அறிந்தோம். கல்லையும் கரியையும் ஆறு விரல் கனமுள்ள இரும்புக் கலத்தில் அடைத்து, பெருநெருப்பாலும் பேரழுத்தத்தாலும் நெருக்கி, மண்ணின் அடியாழத்தில் பொருள்கள் என்ன நிலையில் கிடக்கின்றன என்று ஆராய்வது அவர் பணி. அத்தகைய கலம் ஒன்று திறக்கும்போது வெடித்து, மருதன், நல்லியன் என்னும் கொல்லர் இருவர் மாண்டனர். அம்மையாரின் கவனக்குறைவு என்று முதலில் சிறை விதித்தீர். அரச ஆணையால் திறந்தேன் என்று அவர் உரைத்ததும், அது அரச நிந்தை என்று சிறையைக் கொலைத்தண்டமாக்கினீர்.

அவர் உரைத்தது உண்மை. கலம் ஆற இன்னும் மூன்று நாள் வேண்டும் என்று எமக்கு ஓலை விடுத்தார். யாமோ, அரண்மனைச் சோதிடர் குறித்த முகூர்த்தம் தவறலாகாது, உள்ளே விளைந்த கல்லை அன்றே எம் அரசவைக்குக் காட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். கொதிக்கும் இரும்புக்கு முகூர்த்தம் தெரியுமா? எம் அவசரத்தால் இரண்டு வீடுகளில் இழவு விழுந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதியே ஆகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் கலம் இப்போதும் உலையில் இருக்கிறது. எவ்வளவு அழல் தணித்தால் எவ்வளவு அழுத்தம் தளர்த்தலாம் என்பது அம்மையார் ஒருவருக்கே தெரியும். மற்றவர்கள் அருகில் செல்லவே நடுங்குகின்றனர். அதுவும் வெடித்தால், உலை நிற்கும் மலையின் அடிவாரத்தில் நாற்பது வீடுகள் உள்ளன. தேவை வந்ததால்தான் விடுவிக்கிறான் என்று அவர் எண்ணினால், அதிலும் உண்மை உண்டு.

ஆகவே இது ஆணை. ஓலை கண்ட மாத்திரத்தில் அம்மையாரை விடுவிப்பீராக. தீர்ப்புச் சொன்ன அதே சபையில் இதை உரக்க வாசிப்பீராக. அடிவாரக் குடிகளை இன்றே அப்புறப்படுத்துவீராக. அழற்கூடத்துக்குத் திரும்புமாறு அம்மையாரை வேண்டலாம்; வற்புறுத்தலாகாது.

எம் கையாலேயே எழுதி மும்மலை முத்திரை இட்டோம். அம்மையார் வர மறுப்பாராயின், உலையை எப்படித் தணிப்பது என்று மட்டும் இவ்வோலை கொணரும் தூதனிடம் சொல்லியனுப்பட்டும். அந்த உலையின்முன் நின்று தணிக்க யாமே புறப்பட்டுவிட்டோம்.