விண்டோஸிலிருந்து கேட்ட கேள்வி

14 பிப்ரவரி 1999, ஞாயிறு
அம்பத்தூர்

போதும், வாயை மூடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் மூடிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவையே இழுத்து மூடி, ‘விருப்ப ஓய்வு’ என்று பெயர் வைத்து எங்களை அனுப்பினார்களே, அப்போதும் மூடிக்கொண்டிருந்தேன். விருப்பம் யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது முகம் தெரியாத நானூறு பேரிடம் டிசம்பரிலிருந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். அதற்கு முன் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், சூடு ஆறிவிடக் கூடாது.

விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ், பத்திரிகையோடு வந்த ஒரு சி.டி.யில்தான் எனக்குக் கிடைத்தது. விலை கிடையாது, உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. சென்னைக்காரர்களுக்கு என்று ஒரு மெயில் லிஸ்ட் இருக்கிறது. ஒருவர் கேள்வி எழுதினால் லிஸ்டில் உள்ள எல்லோருக்கும் போகும், தெரிந்தவர் பதில் எழுதுவார். எல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன், வலி தமிழில்தானே.

டிசம்பரில் நான் கேட்ட கேள்வி இதுதான்: போன் லைனில் இண்டர்நெட்டைப் பிடிக்கும் மோடம் லினக்ஸில் டயல் செய்யவில்லை. இதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். கோளாறு எந்த அமைப்புக் கோப்பில் இருக்கிறது என்று என் கணிப்பையும் காரணங்களோடு எழுதினேன். கன்னியப்பன் என்று ஒருவர், லிஸ்டில் பெரிய ஆள், பதில் போட்டார்: “கையேட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.” படித்திருந்தேன்யா! அதோடு விட்டாரா? எந்த மென்பொருளிலிருந்து அனுப்பியது என்று ஒவ்வொரு மெயிலின் தலையிலும் ஒரு வரி மறைந்திருக்கும். அதைத் தோண்டி எடுத்து எல்லோருக்கும் போட்டார். “ஐயா விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு லினக்ஸைப் பற்றிக் கேட்கிறார். பிரியாணிக் கடையில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பு இல்லை என்கிறார்.” அதற்குக் கீழே ஆளாளுக்குச் சிரிப்புக் குறி.

லினக்ஸில் மோடம் ஓடாதவன் வேறு எதிலிருந்து மெயில் அனுப்புவான்? புறாவின் காலில் கட்டியா?

21 பிப்ரவரி

இன்றும் டயல் ஆகவில்லை. காலையிலிருந்து விண்டோஸ் வழியாக போன் லைனைப் பிடித்துக்கொண்டு இண்டர்நெட்டில் தேடி, அமைப்புக் கோப்பை மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

மனைவி பேபி தையல் யூனிட்டிலிருந்து வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்தாள். “இன்னாங்க, இன்னும் அந்தப் பொட்டியாண்டயேதான் கீறீங்களா? எங்க அக்கா காலைலேர்ந்து போன் அடிச்சுகினு கீது. எங்கேஜ் எங்கேஜ்னு வருதாம். ஊட்ல யாருக்கோ இன்னாமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டா.”

ஆகவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

“இன்னா ஆகல?”

“எதுவும் ஆகல.”

27 பிப்ரவரி, சனி

உஸ்மான் கனி பாய் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார். தோல் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு பருத்திப்பட்டில் பள்ளிக்கூடம் நடத்துகிறார். ஜூனில் கம்ப்யூட்டர் அறை திறக்கிறார். அதை அமைத்து, பாடமும் நடத்த ஆள் வேண்டும். நான் லினக்ஸ் என்றேன். உட்கார்ந்து கவனமாகக் கேட்டார்.

“திருட்டு சி.டி. இல்லியே சார்? கத்துக் குடுக்கற எடத்துல அது வேணாம். ஹராம்.”

“திருடவே முடியாது பாய். எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள்.”

அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “அப்போ மே மாசம் மொத வாரத்துல எனக்கு ஓட்டிக் காட்டிடுங்க. இண்டர்நெட் வந்துட்டா வேல உங்களுக்கு. வரலேன்னா விண்டோஸ் போட்டுத் தர்ற டீலர்தான், நான் இன்னா பண்ண?”

எனக்கு நாற்பத்தெட்டு வயது. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு வீடு தேடி வந்து கேட்ட முதல் வேலை இது. கடைசியும் இதுவாக இருக்கலாம். மோடம் டயல் செய்தால் வேலை.

13 மார்ச், சனி

லிஸ்ட்காரர்கள் மாதம் ஒருமுறை ஊருக்குள் ஒரு கல்லூரி வகுப்பறையில் கூடுகிறார்கள். போனேன். கன்னியப்பனை முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும் என்றே போனேன்.

அமெரிக்கக் கம்பெனியில் சம்பளம் வாங்கும் திமிர் பிடித்த பையன் என்று நினைத்திருந்தேன். முப்பது தாண்டியவர், செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தார். நான் அம்பத்தூர் என்றதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“நம்ம ஏரியாவா சார்! நான் மண்ணூர்பேட்ட. வா சார், டீ சாப்ட்லாம்.”

“டீ வேண்டாம். டிசம்பரில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.”

“இன்னா கேள்வி சார்? டெய்லி எத்தினி பேருக்கு எழுதறேன், ஞாபகம் இல்லியே.”

“பிரியாணி. சாம்பார்.”

சிரித்துவிட்டார். “அதுவா! தமாசு சார் அது. நான் புச்சா வந்தப்போ செம்மையா வாங்கிக் கட்டிக்கினேன். அப்பிடித்தான் கத்துக்கினேன்.”

“நீங்கள் வாங்கியதை நான் ஏன் வாங்க வேண்டும்?”

“சரி வுடு சார். இன்னா மோடம் அது? வெளிய வெக்கறதா, உள்ள சொருகற கார்டா?”

“மோடத்தில் குறை இல்லை.”

“இல்ல சார், நான் இன்னா கேக்கறேன்னா...”

“மோடம் நன்றாக இருக்கிறது. நான் எம்.எஸ்ஸி. கணிதம். எது கோளாறு என்று எனக்குத் தெரியும்.”

இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். “தெரிஞ்சா சரி சார்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். மோடம் நன்றாக இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? விண்டோஸில் ஓடுகிறதே, அப்படித்தான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிரியாணிக்குப் பிறகு ‘விண்டோஸ்’ என்ற சொல்லை அந்த ஆளின் முன்னால் என் வாயால் சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன்.

2 ஏப்ரல்

டயல் ஆகவில்லை.

25 ஏப்ரல், ஞாயிறு

பாயிடமிருந்து போன். “இன்னா சார், மே வந்துகினே கீது?” ஆகிவிடும் என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன்?

இன்று லிஸ்டில் ஜரினா என்று ஒரு பெண், புதிது. நாலே வரி. “லினக்ஸில் என் மோடம் டயல் செய்யவில்லை. விண்டோஸில் நன்றாக ஓடுகிறது. உள்ளே சொருகும் கார்டு. தயவுசெய்து திட்டாதீர்கள்.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் கேள்வி அது. நான் எழுதாமல் விட்ட வரி அதில் இருக்கிறது.

26 ஏப்ரல்

ஜரினாவுக்கு வந்தவை: கையேட்டைப் படியுங்கள் என்று ஒன்று. விண்டோஸே நன்றாக ஓடுகிறதென்றால் அங்கேயே இருங்களேன் என்று ஒன்று. மீதி எல்லாம் தேன். “மேடம், நானே நேரில் வந்து சரிசெய்து தருகிறேன்.” எனக்கு ஒருத்தனும் நேரில் வருகிறேன் என்று சொல்லவில்லை.

கோபத்தில் லிஸ்டின் பழைய மெயில்களை எல்லாம் கிளறினேன். போன நவம்பரில் நஜீர் என்று ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவரையும் விரட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து அவர் எழுதியது: “பிரச்சினை தீர்ந்தது. நன்றி.” அவ்வளவுதான். எப்படித் தீர்ந்தது? அது இல்லை! கிணற்றில் விழுந்தவன் ஏறி வந்து, ஏணியையும் மேலே இழுத்து வைத்துக்கொண்டு, நன்றி என்கிறான்.

நஜீருக்குத் தனி மெயில் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

5 மே, புதன்

நஜீரின் பதில் வந்தது. பட்டாபிராமில் பாலிடெக்னிக் ஆசிரியராம்.

விஷயம் இவ்வளவுதான். நஜீரும் நானும் வாங்கிய, உள்ளே சொருகும் கார்டு பாதி மோடம். மீதிப் பாதி வேலையை விண்டோஸில் உள்ள ஒரு மென்பொருள் செய்கிறது. லினக்ஸுக்கு அந்த மென்பொருளை யாரும் எழுதவில்லை. எனவே எந்தக் கோப்பை எப்படித் திருத்தினாலும் அது டயல் செய்யாது. வெளியே வைக்கும் முழு மோடம் வாங்கினால் உடனே ஓடும். “விண்டோஸில் ஓடுகிறது, லினக்ஸில் ஓடவில்லை என்றாலே இதுதான் சார்” என்று எழுதியிருக்கிறார்.

ஏன் லிஸ்டில் போடவில்லை என்றும் கேட்டிருந்தேன். “அத்தனை பேரிடம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் நான் வாங்கிய கார்டே தப்பு என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. என் பெயரை எங்கும் எழுதிவிடாதீர்கள்.”

டிசம்பரில் நான் எழுதிய கேள்வியை எடுத்துப் படித்தேன். என் கணிப்பு, அதற்கு ஆதாரம், மறுப்புக்கு மறுப்பு... ஒரு பக்கம் முழுக்க. விண்டோஸ் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கண்டதை எழுதவில்லை, முடிவு கட்டியதை எழுதியிருக்கிறேன். சரி, அது என் தப்பு.

ஆனால் அவர்கள்? நான் மறைத்ததை என் மெயிலின் தலையிலிருந்து தோண்டி எடுத்தவர்கள் அவர்கள்தானே! விடை அவர்கள் கையில் இருந்தது. அதைத்தான் என் மேல் எறிந்து சிரித்தார்கள்.

8 மே, சனி

ரிச்சி தெருவில் வெளி மோடம் வாங்கி வந்தேன். சொருகினேன். கீச்சென்று கத்தி, கரகரத்து, பிடித்துக்கொண்டது. முதல் முயற்சியிலேயே. பேபி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். “இன்னாங்க இது, பூனைய மிதிச்ச மாரி கீது!” அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம்.

10 மே, திங்கள்

பருத்திப்பட்டுக்கு மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பாய் பள்ளி வராந்தாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதே புரிந்துவிட்டது.

“மொத வாரம்னு சொன்னேன் சார். ஒரு போன் கூட வரல. வியாழக்கெழம டீலர்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“இப்போது ஓடுகிறது பாய். இதோ, காட்டுகிறேன்.”

“ஓடும் சார். நீங்க சொன்னா ஓடும். வாக்குக் குடுத்துட்டேனே.”

“டீலர் தருவது திருட்டு சி.டி. இல்லையே?”

“ஒரிஜினல்னுதான் சொல்றாரு.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புதனன்று விடை வந்தது. வியாழனன்று கையெழுத்து. அன்று பாய்க்கு ஒரு போன் செய்திருக்கலாம். ஓட்டிக் காட்டாமல் பேசக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

11 மே

மோடத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

16 மே, ஞாயிறு

லிஸ்டுக்கு எழுதுவதாக இருந்த கடிதத்தை எழுதி முடித்தேன். கன்னியப்பன் பெயர் மட்டும் ஏழெட்டு இடங்களில் வருகிறது. பேபிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

“விண்டோசுல ஓடுதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கின்னா?”

“சிரித்தார்கள்.”

“சிரிச்சா இன்னா? பல்லுதான் தெரியும். அதுக்கோசரம் வேலைய வுட்டுட்டு வந்து நிக்கறீங்க.”

கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தேன். தொழிற்சாலையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் பல்லை எல்லாம் அவள் பார்த்தவளா?

23 மே, ஞாயிறு

ஜரினாவுக்குப் போன வாரம் தனி மெயிலில் விடையை எழுதியிருந்தேன். இன்று பதில். “நன்றி சார். மோடத்தை மாற்றினேன், வேலை செய்கிறது. ஆனால் லிஸ்டிலிருந்து விலகிவிட்டேன். மூன்று பேர் வீட்டு விலாசம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.”

லிஸ்டில் இன்று இன்னொருவன், திருமுல்லைவாயில்காரன். உள்ளே சொருகும் கார்டு. டயல் ஆகவில்லை. கன்னியப்பன் இன்னும் வரவில்லை, மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

விடை என்னிடம் இருக்கிறது. நான் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு யார் சொன்னார்கள்? என் ஐந்து மாதமும் ஒரு வேலையும் போயிற்று. அவனும் கஷ்டப்படட்டும். கையேட்டைப் படித்துவிட்டு வரட்டும்...

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். என் கையெழுத்தில் இருக்கிறது, ஆனால் வாக்கியம் கன்னியப்பனுடையது.

30 மே, ஞாயிறு

கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. கன்னியப்பன் பெயரை எடுத்துவிட்டேன், அவர் செய்ததை எடுக்கவில்லை.

முதல் பாதி மோடம் பற்றியது. எந்தக் கார்டு பாதி மோடம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன வாங்க வேண்டும். படிப்படியாக, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி. புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தையும் எழுதியிருக்கிறேன்: கண்டதைக் கண்டபடி எழுதுங்கள், உங்கள் தீர்ப்பை எழுதாதீர்கள். விண்டோஸில் ஓடுகிறதென்றால் ஓடுகிறது என்று எழுதுங்கள். எவன் சிரித்தாலும் எழுதுங்கள்.

இரண்டாம் பாதி பெரியவர்களுக்கு. “இங்கே திட்டு எல்லோருக்கும் போகிறது, விடை ஒருவருக்குத் தனியாகப் போகிறது. அதை மாற்றுங்கள். திட்டுவதென்றால் தனி மெயிலில் திட்டிக்கொள்ளுங்கள். விடையை எல்லோருக்கும் எழுதுங்கள். ஒரே கார்டு நான்கு பேரைக் கவிழ்த்திருக்கிறது. ஒருவருக்கு வேலை போயிற்று. ஒருவர் லிஸ்டை விட்டே போய்விட்டார். நீங்கள் அவர்கள் மெயிலின் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.” ஒரு சொல்லையும் குறைக்கப் போவதில்லை.

கீழே யார் பெயரைப் போடுவது? நஜீர் வேண்டாம் என்கிறார். ஜரினா பெயர் கூடவே கூடாது, மறுபடி விலாசம் தேடுவார்கள். அவர்கள் இல்லாமல் தசரதன், எம்.எஸ்ஸி. என்று தனியாக நின்றால் இது ஒரு கிழவனின் வயிற்றெரிச்சல் ஆகிவிடும். மோடத்தை விட்டுவிட்டு என்னைப் பற்றிப் பேசுவார்கள்.

நாளை முகப்பேர் பிரவுசிங் சென்டருக்குப் போய், புது மெயில் கணக்கு ஒன்று தொடங்கி, பெயர் இல்லாமல் போடப் போகிறேன். பயந்து அல்ல. யார் எழுதியது, யார் எழுதியது என்று நானூறு பேரும் கேட்பார்கள். கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் லிஸ்டில் விடை கிடைக்காது.